அரிதுயில் நிலையத்தில் என் அத்தான்

நான் வேலை பார்க்கும் இடத்தின் பெயர்ப்பலகையில் ஓர் எழுத்துத் தப்பு. 'அறிதுயில் சிகிச்சை நிலையம்' என்று எழுதச் சொன்னால், எழுதியவர் பெரிய 'றி'க்குப் பதிலாகச் சின்ன 'ரி' போட்டு 'அரிதுயில்' ஆக்கிவிட்டுப் போய்விட்டார். ஓர் ஆளைக் கண்ணை மூட வைத்து, பேச்சாலேயே பாதித் தூக்கத்துக்குக் கொண்டுபோய், அவருடைய பயத்தையோ கெட்ட பழக்கத்தையோ சரிசெய்வதாகச் சொல்லும் வைத்தியத்துக்குப் பெயர்தான் அறிதுயில். அரிதுயில் என்றால் என்னவென்று யாருக்கும் தெரியாது. அரிதாகத் தூங்குகிறவர்கள் அது தங்களுக்குத்தான் என்று நினைத்து வந்தார்கள். ஒரு பெரியவர் உடம்பெல்லாம் அரிக்கிறது என்று சட்டையைக் கழற்றிக் காட்டினார். இரண்டு சாராரையுமே எங்கள் சார் திருப்பி அனுப்பவில்லை.

சாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். இதற்கு முன் மெத்தைக் கடையில் விற்பனையாளராக இருந்தவர். அங்கேயும் வருகிறவர்களைப் படுக்க வைத்து 'எப்படி இருக்கு?' என்று கேட்பதுதான் வேலை, இங்கேயும் அதேதான். அறையில் மூன்று சான்றிதழ்கள் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கின்றன. மூன்றாவது, பள்ளிக்கூட நீச்சல் போட்டியில் வாங்கிய இரண்டாம் பரிசு. இதுவரை ஒருவர்கூடக் கிட்டே போய்ப் படித்ததில்லை. சாருக்கு நான் மனசுக்குள் வைத்திருக்கும் பெயர் தாலாட்டு. டீயில் சர்க்கரை குறைவு என்பதைக்கூட, குழந்தையைத் தூங்க வைக்கிற குரலில், ஒவ்வொரு சொல்லாக இழுத்துத்தான் சொல்வார். அவர் சொல்லி முடிப்பதற்குள் டீ ஆறிவிடும்.

என் வேலை வாசலில். மேசை, தொலைபேசி, நோட்டு, பிறகு ஒரு துண்டுத்தாள். 'புதிதாக வருபவர்கள் என்ன எதிர்பார்க்கலாம்?' என்று தலைப்பு. நானே தட்டச்சு செய்தது. வசதியான உடையில் வாருங்கள், வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு வராதீர்கள், முதல் தடவை உறவினர் ஒருவர் கூட இருக்கலாம் ஆனால் அவர் வாயே திறக்கக்கூடாது, நீங்கள் நிஜமாகத் தூங்கிவிட மாட்டீர்கள், எந்த நிமிடமும் கண்ணைத் திறந்து எழுந்து போகலாம் என்றெல்லாம் போகும். கடைசி வரி இது: 'நீங்கள் சொல்ல விரும்பாத எதையும் சொல்லிவிட மாட்டீர்கள்.'

அந்தக் கடைசி வரியில்தான் எல்லோர் கண்ணும் போய் நிற்கும். தாளை மடிப்பார்கள், பிரிப்பார்கள், குரலைத் தாழ்த்தி என்னிடம் கேட்பார்கள்.

"ஏம்மா, உள்ள போனா எல்லாத்தையும் உளறிடுவேனா?"

நான் மேலும் கீழுமாக ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொல்வேன்.

"உங்களைப் பாத்தா அவ்வளவு பெரிய ரகசியம் இருக்கிற மாதிரி தெரியலையே சார்."

முகம் விழுந்துவிடும். ரகசியம் இல்லை என்று சொன்னால் மனிதர்களுக்கு வருகிற கோபம் இருக்கிறதே, அதைப் பார்க்கவே நான் தினமும் வேலைக்கு வருகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். என் அத்தான் எனக்கு வைத்த பெயரே வாயாடி.

அத்தான் என்றால் என் அக்காவின் வீட்டுக்காரர். இது அவருடைய கதை. லிஃப்ட் மெக்கானிக். இருபத்துமூன்று வருடமாக ஒரே கம்பெனி. தெரு தெருவாகக் கட்டடங்களுக்குப் போய், லிஃப்டை நிறுத்தி, கயிறு, கதவு, பிரேக் எல்லாவற்றையும் பார்த்து, உள்ளே மாட்டியிருக்கிற அட்டையில் தேதி போட்டுக் கையெழுத்து வைத்துவிட்டு வருகிற வேலை. அந்தக் கையெழுத்துதான் அவருடைய சொத்து. முதல் எழுத்துக்கு ஒரு கொண்டை, கடைசி எழுத்துக்கு ஒரு வால், அடியில் இரண்டு கோடு. அக்கா எழுதிக் கொடுக்கிற மளிகைப் பட்டியலில்கூட, சாமான் எல்லாம் வாங்கியாயிற்று என்றால் அடியில் கையெழுத்துப் போட்டுத்தான் திருப்பிக் கொடுப்பார்.

பேச்சு சிக்கனம். பேசினாலும் லிஃப்டில்தான் வந்து நிற்பார். ஒரு லிஃப்டில் ஆறு பேர் ஏறலாம் என்றால் நானூற்று எட்டு கிலோ, அப்படியென்றால் ஓர் ஆள் அறுபத்தெட்டு கிலோ என்று கணக்கு. மனிதர்களை அவர் அந்தத் தராசில்தான் நிறுப்பார். அக்காவைப் பற்றி ஒருமுறை, "உங்க அக்கா இப்ப ஒண்ணேகால் ஆள்" என்று சொல்லிவிட்டு மூன்று நாள் வெளியே சாப்பிட்டார். நான் முக்கால் ஆள். "ஆனா வாய் மட்டும் தனியா ஒரு ஆள்" என்பார்.

இப்படி இருந்த மனிதருக்குத்தான் ஏழெட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு கோளாறு வந்தது. பார்த்ததையே திரும்பப் பார்க்கிற கோளாறு. ஒரு லிஃப்டைப் பார்த்துக் கையெழுத்து வைப்பார். வாசல் வரை வந்து, திரும்பப் போய் மறுபடி பார்ப்பார். அடுத்த கட்டடத்துக்குப் போய்ச் சேர்ந்த பிறகு முதல் கட்டடத்துக்கு ஓடுவார். ஒரு நாளைக்கு எட்டு லிஃப்ட் பார்க்கிற ஆள் இரண்டோடு நின்றார். வீட்டில் கேஸ் அடுப்பின் திருகைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பார். கதவைப் பூட்டிவிட்டுப் பிடித்து இழுப்பார், ஐந்து தடவை, எண்ணி. ஒருமுறை குடும்பத்தோடு பஸ்ஸில் ஏறி, பாதி வழியில் எல்லோரையும் இறக்கி, வீட்டுக்குத் திரும்பி வந்து பூட்டைப் பார்த்தார். பூட்டு பூட்டியபடிதான் இருந்தது. அக்காதான் பூட்டு உடைந்த மாதிரி ஆகிவிட்டாள்.

கம்பெனியில் சூபர்வைசர் கடைசியாக ஒரு கெடு வைத்தார். மாதக் கடைசிக்குள் பழையபடி ஒரு நாளைக்கு எட்டு லிஃப்ட் பார்க்க வேண்டும். இல்லையென்றால் கையெழுத்து போடுகிற உரிமையை எடுத்துவிட்டு, ஸ்டோர் ரூமுக்கு மாற்றிவிடுவார்கள். ஜன்னல் வழியாகத் திருகாணியும் வாஷரும் எடுத்துக் கொடுக்கிற வேலை. சம்பளம் அதேதான். ஆனால் அத்தானின் முகத்தைப் பார்த்தால், கையை வெட்டப் போகிறார்கள் என்று சொல்லியிருந்தால்கூட அவ்வளவு கலங்கியிருக்க மாட்டார்.

அக்கா என்னைக் கூப்பிட்டாள்.

"உங்க சார்கிட்ட சொல்லி இவருக்கு ஒரு நேரம் வாங்குடி. கண்ணை மூட வச்சு மனசை மாத்துவாராமே."

"அக்கா, அவரு மெத்தை வித்தவரு."

"எதை வேணா வித்துட்டுப் போகட்டும். நான் டாக்டர்கிட்ட போகலாம்னா இவரு வரமாட்டேங்கறார். நீ இருக்கிற இடம்னா வருவாரு. உன்னைத்தான் அவருக்குச் சின்ன வயசிலேருந்து தெரியுமே."

அது உண்மைதான். அக்காவுக்குக் கல்யாணம் ஆனபோது எனக்கு ஒன்பது வயது. நான் இங்கே வேலைக்குச் சேர்ந்த முதல் நாள்கூட, இந்தக் கட்டடத்து லிஃப்டைப் பார்க்க அத்தான் வந்திருந்தார். நாலாவது மாடி வரைக்கும் என்னோடு ஏறி வந்து, "என் கொழுந்தியா. பாத்துக்குங்க சார்" என்று தாலாட்டிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார். அதற்கு மறுநாளே இந்தத் தெருவை வேறொரு மெக்கானிக்கிடம் கொடுத்துவிட்டார்கள். அதன்பிறகு அத்தான் இந்தப் பக்கமே வரவில்லை. ஆனால் வாராவாரம் என்னைப் பார்க்கும்போதெல்லாம் தவறாமல் ஒரு கேள்வி கேட்பார்.

"உங்க லிஃப்ட் எப்படி ஓடுது?"

"மேலயும் கீழயும் ஓடுது அத்தான். பக்கவாட்டுல ஓட ஆரம்பிச்சா சொல்றேன்."

அவர் சிரிக்கமாட்டார். லிஃப்டைத் தவிர அவருக்குக் குசலம் விசாரிக்க வேறு ஆளில்லை போல என்று நான்தான் சிரித்துக்கொள்வேன்.

குறித்த நாளில், மத்தியானம் மூன்று மணிக்கு, அத்தான் வந்தார். நாலு மாடியும் படியேறி வந்திருந்தார். மூச்சு வாங்கியது. லிஃப்ட் மெக்கானிக் படியேறி வருகிறாரே என்று எனக்குச் சிரிப்பாக இருந்தது. "என்ன அத்தான், மீன் நீச்சல் தெரியாம நடந்து வந்த மாதிரி இருக்கு?" என்றேன். தாளைக் கொடுத்தேன். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை விரல் வைத்துப் படித்தார். படித்து முடித்ததும் மறுபடி முதலிலிருந்து படித்தார். கடைசி வரியில் விரல் நின்றது.

"இது நெசமா?"

"எது?"

"சொல்ல விரும்பாததைச் சொல்லமாட்டோம்னு போட்டிருக்கே."

"நான்தான் அடிச்சேன். அப்படித்தான் போடச் சொன்னாரு. ஏன் அத்தான், அக்காவுக்குத் தெரியாம வேற வீடு ஏதாவது இருக்கா?"

தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். கூட இருக்கிற உறவினராக நானும் உள்ளே போனேன். அக்காவின் உத்தரவு.

அறையைப் பற்றி வெளியில் பெரிய கற்பனை உண்டு. இருட்டாக இருக்கும், கண்ணெதிரே சங்கிலியில் ஏதாவது ஆடும் என்று நினைத்து வருவார்கள். உள்ளே இருப்பது சாய்வு நாற்காலி ஒன்று, சாதாரண நாற்காலி இரண்டு, ஒரு பக்கம் கிழிந்த திரைச்சீலை, டொக் டொக்கென்று சத்தம் போடும் மின்விசிறி. அந்தச் சத்தத்தைக்கூட சார் வீணாக்குவதில்லை. "விசிறியின் ஒவ்வொரு சத்தத்துக்கும் உங்கள் உடம்பு தளர்கிறது" என்பார். ரிப்பேர் செலவு மிச்சம்.

முதல் கால்மணி நேரம் வெறும் கேள்விதான். எப்போதிலிருந்து, எத்தனை தடவை, அப்போது உடம்பில் என்ன தெரிகிறது. அத்தான் எல்லாவற்றுக்கும் அளந்து பதில் சொன்னார். வயிற்றுக்குள் ஒரு கயிறு இழுபடுவது போல இருக்கிறது என்றார். எத்தனை மில்லிமீட்டர் கயிறு என்றும் சொன்னார். பிறகு சார் சாய்வு நாற்காலியைக் காட்டினார். அத்தான் உட்காருவதற்கு முன்னால் அதன் பின்பக்கம் குனிந்து பார்த்தார். "ஒரு நட்டு லூசா இருக்கு சார்" என்றார். ஸ்பேனர் அவர் பையிலேயே இருந்தது. முடுக்கிவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

"கண்ணை... மெதுவா... மூடுங்க. மூச்சை... உள்ள இழுங்க... விடுங்க. நெத்தி தளருது... தோள் தளருது..."

வழக்கமாக இதற்குப் பிறகு சார் ஆளைப் படிக்கட்டில் இறக்குவார். பத்துப் படி, எண்ணிக்கொண்டே இறங்கினால் ஆழ்மனசு வந்துவிடும். அன்றைக்குப் பார்த்து அவருக்கு ஒரு புத்திசாலித்தனம் தோன்றிவிட்டது. என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்திவிட்டுச் சொன்னார்.

"இப்ப நீங்க... உங்களுக்குப் பழக்கமான ஒரு இடத்துல இருக்கீங்க. ஒரு லிஃப்ட். பத்தாவது மாடி. கதவு... மெதுவா... மூடுது. கீழ இறங்கப் போறோம்..."

நான் உதட்டைக் கடித்துக்கொண்டேன். இருபத்துமூன்று வருடம் லிஃப்ட் பார்த்த ஆளை லிஃப்டில் ஏற்றித் தூங்க வைக்கிறாராம்.

"ஒன்பதாவது மாடி... இன்னும் ஆழமா..."

"சார்," என்றார் அத்தான். கண் மூடியேதான் இருந்தது. குரல் மட்டும் எங்கோ தள்ளியிருந்து வந்தது. "இது நாலு மாடிதான். பத்து இல்ல."

சார் கணக்கை மாற்றிக்கொண்டார். "சரி... நாலாவது மாடி. லிஃப்ட்ல நீங்க மட்டும் தனியா... நிம்மதியா..."

"தனியா இல்ல. இன்னொரு ஆள் இருக்காங்க. முக்கால் ஆள்."

என் சிரிப்பு அங்கேயே நின்றது.

சாருக்கோ தலைகால் புரியவில்லை. இப்படி எடுத்த எடுப்பில் ஒருவர் உள்ளே போய்ப் பேசுவது அவருக்கு வாழ்க்கையிலேயே முதல் தடவை. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"முக்கால் ஆளா? குழந்தையா? அது யாருன்னு முகத்தைப் பாருங்க..."

"பாக்கறேன்."

"யாரு?"

"அது வேண்டாம் சார்."

"சரி... வேண்டாம். வேற என்ன தெரியுது?"

"அட்டை. கையெழுத்துப் போடற அட்டை. தேதி இருக்கு. என் கையெழுத்து இருக்கு." மூச்சு ஒருமுறை நின்று வந்தது. "பிரேக்கைப் பாக்காம போட்ட கையெழுத்து. கயிறு பாத்தேன், கதவு பாத்தேன். பிரேக் மொட்டைமாடி ரூம்ல இருக்கு. ஏறிப் போகல. போட்டுட்டேன்."

"அருமை," என்றார் தாலாட்டு. முகமெல்லாம் பூரிப்பு. "ரொம்ப அருமை. அந்த லிஃப்ட்... உங்க வாழ்க்கை. பிரேக்... நீங்க அடக்கி வச்சிருக்கிற கோபம். மொட்டைமாடி... உங்க..."

"இல்ல சார். அது இந்தக் கட்டடத்து லிஃப்ட்."

"ஆழ்மனசு... அப்படித்தான் பேசும்."

"வெளியில இருக்கே சார், அந்த லிஃப்ட்."

"ஆமா... வெளியிலயும் இருக்கு... உள்ளயும் இருக்கு..."

எனக்கு அந்த நாள் முழுசாக ஞாபகம் வந்துவிட்டது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாள். பத்து மணிக்கு இருக்க வேண்டும், ஒன்பது ஐம்பதுக்குக் கீழே வந்து நிற்கிறேன். புதுச் செருப்பு, குதிகால் உயரம். லிஃப்ட் வாசலில் 'பழுதுபார்ப்பு நடைபெறுகிறது' என்று பலகை. உள்ளே அத்தான். "பத்து நிமிஷம் பொறு, பிரேக் மட்டும் பாத்துடறேன்" என்றார். நான் பொறுக்கிற ஆளா? "முதல் நாளே வேர்த்து வடிஞ்சு போய் நிக்கவா? இருபத்திரண்டு வருஷமா பாக்கறீங்க, ஒருநாள் பாக்கலேன்னா பிரேக் கோவிச்சுக்குமா? கையெழுத்தை இழுத்துவிட்டுட்டு வாங்க அத்தான், வால் நல்லா வரட்டும்" என்றேன். அவர் சிரித்தார். அவர் சிரிப்பது அபூர்வம். என் ஜோக்குக்குச் சிரித்தாரே என்று எனக்குப் பெருமை. பேனாவை எடுத்துக் கொண்டை போட்டு, வால் போட்டு, இரண்டு கோடு போட்டார். இருவரும் ஏறினோம்.

மறுநாள் வந்து பார்த்துவிடலாம் என்று இருந்திருப்பார். மறுநாள் தெரு கைமாறிவிட்டது. மொட்டைமாடி அறைச் சாவி வேண்டுமென்றால் ஆபீசில் காரணம் எழுதிக் கொடுக்க வேண்டும். என்ன காரணம் எழுதுவார்? அதனால்தான் இந்த லிஃப்டைத் தவிர ஊரிலிருக்கிற எல்லா லிஃப்டையும் மூன்று மூன்று தடவை பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். 'உங்க லிஃப்ட் எப்படி ஓடுது?' என்று வாராவாரம் கேட்டிருக்கிறார். நான் பக்கவாட்டு ஜோக் சொல்லியிருக்கிறேன்.

"உங்களை அன்னிக்கு... யாரு அவசரப்படுத்தினது?" என்று கேட்டார் சார். "அந்த முக்கால் ஆளா?"

விசிறி டொக் டொக்கென்று சுற்றியது. அத்தானின் விரல்கள் நாற்காலிக் கையைப் பிடித்தன.

"யாரும் இல்ல," என்றார். "என் கை. என் பேனா."

"நல்லா யோசிச்சுப் பாருங்க... அவங்க ஏதாவது சொன்னாங்களா?"

"சொல்லல."

உறவினர் வாயே திறக்கக்கூடாது என்று நானே அடித்த தாள். ஆனால் இன்னொன்று என் நெஞ்சில் வந்து நின்றுவிட்டது. ஒரு மாதமாக எங்கள் லிஃப்ட் நாலாவது மாடியில் சரியாக நிற்பதில்லை. தரைக்குக் கொஞ்சம் கீழே நின்றுவிடும். வருகிறவர்கள் தடுக்குவார்கள். நான்கூட ஒருமுறை தடுக்கி விழுந்து செருப்பு வாரை அறுத்துக்கொண்டேன். சார் அதற்கும் ஒரு விளக்கம் வைத்திருந்தார், உங்கள் பயணத்தின் முதல் படி என்று.

"அத்தான்," என்றேன். "லிஃப்ட் ரெண்டு விரல் கீழ நிக்குது."

சார் என்னைப் பார்த்து வாயில் விரல் வைத்தார். அத்தானின் கண் திறந்துவிட்டது. பாதித் தூக்கமாவது ஆழ்மனசாவது, எல்லாம் போன இடம் தெரியவில்லை.

"எத்தனை நாளா?"

"ஒரு மாசமா."

"சுமை ஏறினா இன்னும் கீழ போகுதா?"

"நாலு பேர் ஏறினா மூணு விரல்."

"ஏன் சொல்லல?"

நான் வாயாடி. என்னிடம் பதில் இல்லை.

எழுந்தார். "இருங்க, நான் உங்களை எண்ணித்தான் மேல கொண்டுவரணும்" என்று தாலாட்டு இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு பின்னால் வந்தார். ஒன்று, இரண்டு என்று எண்ணவும் ஆரம்பித்தார். அவர் மூன்று சொல்வதற்குள் அத்தான் வெளியே போய்விட்டார். லிஃப்டை மேலே வரவழைத்தார். அது வந்து இரண்டு விரல் கீழே நின்றது. அந்த இடுக்கைக் குனிந்து விரல் வைத்து அளந்தார். உள்ளே ஆள் இல்லை என்று பார்த்துவிட்டு நிறுத்தினார். சட்டைப்பையிலிருந்து என் தாளை எடுத்துப் பிரித்து, பின்பக்கத்தில் கொட்டை எழுத்தில் 'பழுது. யாரும் ஏற வேண்டாம்' என்று எழுதிக் கதவில் ஒட்டினார். நாலு மாடியும் ஓடி இறங்கி ஒவ்வொரு கதவிலும் அப்படி ஒன்று. மற்றத் தாள்களும் என் மேசையிலிருந்து எடுத்தவைதான்.

திரும்பி வந்து, என் மேசைத் தொலைபேசியிலிருந்து சூபர்வைசரைக் கூப்பிட்டார். நான் பக்கத்திலேயே நின்றேன். கட்டடம், தெரு, தேதி எல்லாம் சொன்னார். "நான்தான் கடைசியா கையெழுத்துப் போட்டேன் சார். பிரேக் பாக்காம போட்டேன்" என்றார். அந்தப் பக்கம் கத்துவது எனக்கே கேட்டது. ஏன் என்று கேட்டிருக்க வேண்டும். "காரணம் ஒண்ணும் இல்ல சார். கவனக்குறைவு" என்றார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் தொலைபேசியைப் பார்த்தார்.

ஒரு மணி நேரத்தில் சாவியோடு ஆட்கள் வந்தார்கள். தெருவை இப்போது பார்க்கிற மெக்கானிக்கும் வந்தார். அத்தான் வைத்த கையெழுத்தை நம்பி அவரும் பிரேக்கைத் திறந்து பார்க்கவில்லை என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. பிரேக்கின் உள்பட்டை காகிதம் மாதிரி தேய்ந்திருந்தது. இன்னும் ஒரு மாதமோ ஒரு வாரமோ, சொல்ல முடியாது என்றார்கள். நான் தினமும் நாலு தடவை ஏறி இறங்கிய லிஃப்ட் அது. அத்தான் கழற்றிய பட்டையைக் கையில் வாங்கிப் பார்த்தார், சூபர்வைசரிடம் கொடுத்தார், கையைத் துடைத்துக்கொண்டார்.

மாதக் கடைசி வரை காத்திருக்கவில்லை. அடுத்த திங்கட்கிழமையே அத்தானை ஸ்டோர் ரூமுக்கு அனுப்பிவிட்டார்கள். கையெழுத்து உரிமை போய்விட்டது. எதற்குப் பயந்து சிகிச்சைக்கு வந்தாரோ, அதைச் சிகிச்சைக்கு வந்த இடத்திலேயே தானாகத் தொலைபேசி எடுத்துக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். இப்போது ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து திருகாணி எண்ணிக் கொடுக்கிறார். வாங்குகிறவர்தான் நோட்டில் கையெழுத்துப் போட வேண்டும், கொடுக்கிறவர் போட வேண்டியதில்லையாம். ஒருநாள் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தபோது பார்த்தேன். பழைய அட்டை ஒன்றின் பின்னால், யாருக்கும் இல்லாமல், கொண்டையும் வாலுமாக நாலைந்து கையெழுத்து. என்னைப் பார்த்ததும் நோட்டை மேலே வைத்து மூடினார். எனக்கு அங்கேயே அழுகை வந்தது. டப்பாவை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

ஆனால் அடுப்பைத் தொட்டுப் பார்ப்பது நின்றுவிட்டது. கதவை ஒரு தடவை பூட்டுகிறார், சாவியைப் பையில் போடுகிறார், நடக்கிறார். அக்காவுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

"உங்க சாருக்கு என்ன கைராசிடி! ஒரே தடவையில சரிபண்ணிட்டாரே," என்கிறாள் எல்லோரிடமும்.

சாரும் அப்படியே நம்புகிறார். என்னைக் கூப்பிட்டு, துண்டுத்தாளில் ஒரு வரி சேர்க்கச் சொன்னார். 'ஒரே அமர்வில் லிஃப்ட் பயம் நீங்கப்பெற்ற அன்பர்.' இழுத்து இழுத்துச் சொன்னார். நான் அடித்துக் கொடுத்தேன். கதவில் ஒட்டியிருந்த தாள்களைக் கிழித்தெடுத்தபோது, அத்தானின் கொட்டை எழுத்துக்குப் பின்னால் என் கடைசி வரி தெரிந்தது. சொல்ல விரும்பாத எதையும் சொல்லிவிட மாட்டீர்கள். நூறு பேருக்குக் கொடுத்திருப்பேன் இந்தத் தாளை. பயந்தாங்கொள்ளிகளைச் சமாதானப்படுத்த எழுதிய வரி என்றுதான் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

லிஃப்டுக்குப் புதுப் பிரேக் போட்டாயிற்று. தரையோடு தரையாக நிற்கிறது. அட்டையில் வேறு யாரோ வைத்த, கொண்டையும் வாலும் இல்லாத கையெழுத்து. நான் படியில்தான் ஏறுகிறேன். வீட்டில் அத்தான் இப்போது லிஃப்டைப் பற்றிக் கேட்பதில்லை. "வேலை எப்படிப் போகுது?" என்று மட்டும் கேட்கிறார். நானும் "போகுது அத்தான்" என்கிறேன். இரண்டு பேரும் டீயைக் குடிக்கிறோம்.

நேற்று ஒரு அம்மா வந்தார்கள். தாளை மடித்தார்கள், பிரித்தார்கள், குரலைத் தாழ்த்தினார்கள்.

"ஏம்மா, உள்ள போனா எல்லாத்தையும் உளறிடுவேனா?"

"மாட்டீங்கம்மா," என்றேன். "நான் பாத்திருக்கேன். துருவித் துருவிக் கேட்டும் ஒருத்தர் சொல்லல."

"கண்ணை மூடியிருக்கும்போதுகூடவா?"

"கண்ணை மூடியிருக்கும்போதுகூட."

அந்த அம்மா நிம்மதியாக உள்ளே போனார்கள். நான் நோட்டில் அவர்கள் வந்த நேரத்தை எழுதினேன். அன்றைக்கு அத்தானை அவசரப்படுத்தியது யார் என்று அக்காவுக்கு இன்னும் தெரியாது. நானும் சொல்லவில்லை, கண்ணை நன்றாகத் திறந்துகொண்டே.